பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கிய குளவி: தமிழ்நாடு, 2008 முதல் 2011 வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் ஈரோடு, திருப்பூர், சேலம் என்று கொங்கு மண்டலம் முழுக்கப் பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. 2010 அக்டோபரில், ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு குளவி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலம் தோட்டங்களில் விடப்பட்டது. 2011 கோடை வந்தது. மாவுப்பூச்சி உச்சத்துக்குப் போக வேண்டிய பருவம் அது. ஆனால் குளவி நிலைத்த தோட்டங்களில் பூச்சி அடங்கிப் போயிருந்தது.

இந்தக் கதையை 'குளவியை விட்டார்கள், பூச்சி ஒழிந்தது' என்று இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளவி தன் வேலையைப் பார்த்தது. அது அதன் பிழைப்பு. மனிதர்கள் செய்ய வேண்டியிருந்த இரண்டு காரியங்கள்தான் கடினமானவை. வந்திருப்பது எந்த மாவுப்பூச்சி என்று சரியாக அடையாளம் காண்பது முதலாவது. குளவியை விட்ட பிறகு மருந்துத் தெளிப்பானைத் தொடாமல் இருப்பது இரண்டாவது. முன்னதை ஆராய்ச்சியாளர்கள் செய்தார்கள். பின்னதை விவசாயிகள் செய்ய வேண்டியிருந்தது. கண்ணெதிரே மரம் வெள்ளை பூத்து நிற்கும்போது அது லேசான காரியம் இல்லை.

வந்த பூச்சி

அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சொந்த ஊர். மெக்சிகோவில் 1955-லேயே மாதிரிகள் சேகரித்திருக்கிறார்கள். ஆனால் தனி இனம் என்று விவரித்துப் பெயர் வைத்தது 1992-ல்தான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்றால், சொந்த ஊரில் அது பெரிய தொல்லை எதுவும் தரவில்லை என்று பொருள். அதைத் தின்கிற, அதன் உடம்புக்குள் முட்டையிடுகிற எதிரிகள் அங்கே கூடவே இருந்தன. 1994 முதல் கரீபியன் தீவுகளில் பரவத் தொடங்கியபோதுதான் அதன் சுயரூபம் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று 14 நாடுகள். 1998-ல் புளோரிடாவில் செம்பருத்தியில் வந்தது. 2002-ல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்கும், அடுத்த ஆண்டு பலாவுக்கும் போனது. 2008-ல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா மூன்றிலும் ஒருசேரத் தலைகாட்டியது. பூச்சி தனியாகப் பயணம் போவதில்லை. எதிரிகளை ஊரில் விட்டுவிட்டு, நாற்றிலோ பழத்திலோ ஒட்டிக்கொண்டு வருகிறது.

பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. இரண்டு மி.மீ. சொச்சம் நீளம், மஞ்சள் உடம்பு, மேலே வெள்ளை மாவு. வயிற்றுக்கடியில் பஞ்சுப் பை ஒன்றைப் பின்னி அதற்குள் 100 முதல் 600 முட்டைகள் வரை இடும். பத்து நாளில் குஞ்சுகள் பொரிந்து வரும். ஊர் விட்டு ஊர் போவது இந்தக் குஞ்சுகள்தான். காற்று தூக்கிப் போகும், வேலையாட்களின் துணியில் ஒட்டும், பழக்கூடையோடு லாரி ஏறும். வெயில் காலத்தில் ஒரு தலைமுறை முடிய நான்கு வாரம்கூடத் தேவைப்படாது.

சேதம் எப்படியிருந்தது என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குருத்து இலை சுருங்கி மடங்கும். இலைக்காம்பு, தண்டு, காய் எல்லாம் வெள்ளைப் பஞ்சாக அடைந்துவிடும். பூச்சி கழிக்கிற இனிப்பு நீர் கீழ் இலைகளில் வழிந்து, அதன் மேல் கரும்பூஞ்சாணம் படரும். பழத்தின் உள்ளே சதை நன்றாகவே இருந்தாலும் அப்படிப்பட்ட பழத்தை எந்த வியாபாரியும் தொடமாட்டார். கோவைப் பக்கம் பாப்பெயின் என்ற நொதிக்காகக் காயைக் கீறிப் பால் எடுக்கிற தோட்டங்களும் உண்டு. அங்கே நிலைமை இன்னும் மோசம்: கீற வேண்டிய தோலே தெரியாதபோது பால் எங்கிருந்து எடுப்பது?

மல்பெரி வைத்திருந்தவர்களுக்கு மாவுப்பூச்சி புதிதில்லை. 'துக்ரா' என்று அவர்கள் சொல்கிற நுனிச் சுருக்கம் வேறொரு மாவுப்பூச்சியால், அதாவது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியால் வருவது. அதற்கு நுனியைக் கிள்ளிப் போடுவது, பொறிவண்டு விடுவது என்று கைவசம் வழிகள் இருந்தன. அந்த வழிகளையே இதற்கும் முதலில் செய்து பார்த்தார்கள். ஆனால் துக்ரா நுனியோடு நிற்கும்; இது தண்டு முழுக்க இறங்கியது. பட்டு விவசாயத்தில் இலைதான் வருமானம். இலைக்கு மருந்தடித்தால் புழு சாகும். அடிக்காவிட்டால் புழுவுக்கு இலை இருக்காது. மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

வரப்பில் நின்ற பார்த்தீனியம், துத்தி, வேலியோரச் செம்பருத்தி எல்லாவற்றிலும் அது குடியேறியது. அறுபதுக்கும் மேற்பட்ட செடி வகைகள் அதற்கு உணவு. ஒருவர் தன் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்து இதை ஒழித்துவிட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

மருந்து தோற்ற கதை

டைகுளோர்வாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், இமிடாகுளோபிரிட், மீன் எண்ணெய் சோப்பு... கடையில் இருந்ததெல்லாம் தோட்டத்துக்கு வந்தது. அடித்த இரண்டு நாளைக்குப் பூச்சி குறைந்தது தெரியும். அப்புறம் மறுபடி வரும், முன்னைவிட அதிகமாக.

இதில் மர்மம் எதுவும் இல்லை. மேலே இருக்கிற மெழுகுப் பூச்சில் தண்ணீர் ஒட்டாது. பஞ்சுப் பைக்குள் இருக்கிற முட்டைகளுக்கு மருந்து போய்ச் சேராது. செத்தவை வெளியே இருந்த குஞ்சுகள்தான். முட்டைகள் அடுத்த வாரம் பொரிந்ததும் தோட்டம் பழைய நிலைக்குத் திரும்பியது. இது பாதிக் கதை.

மீதிப் பாதியை நம்மூரில் அதிகம் பேசவில்லை. 2009-லேயே உள்ளூர் எதிரிகள் வேலையைத் தொடங்கியிருந்தன. 'ஸ்பால்ஜிஸ் எபியஸ்' என்கிற சின்னப் பட்டாம்பூச்சியின் புழு இலை தின்பதில்லை. மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. மாவையே உடம்பில் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் படுத்திருக்கும். உற்றுப் பார்க்காதவருக்கு அதுவும் ஒரு மாவுப்பூச்சிதான். அதன் கூட்டுப்புழுவைத் திருப்பிப் பார்த்தால் அச்சு அசலாகக் குரங்கு முகம் இருக்கும். இயற்கைக்கு இப்படியும் ஒரு குறும்பு. பொறிவண்டுகளும் வந்தன. ஆனால் இந்த இரைவிழுங்கிகளுக்கு ஒரு குணம் உண்டு: பூச்சி கூட்டமாக இருக்கிற இடத்தில்தான் தங்கும், குறைந்ததும் வேறு இடம் பார்த்துப் போய்விடும். அதனால் அவை எத்தனை தின்றாலும் பூச்சி அடியோடு இறங்கவில்லை. அந்த உதவியும் வாராவாரம் அடித்த மருந்தில் செத்துப்போனது. மெழுகு மாவுப்பூச்சியைக் காப்பாற்றியது. பொறிவண்டுக்கு அப்படி ஒரு கவசம் இல்லை.

இதற்கு நடுவே எறும்புகள். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சியைச் சுற்றிச் சுற்றி வரும், எதிரிப் பூச்சிகள் நெருங்கினால் விரட்டும். மரத்தடியில் எறும்புப் புற்று இருந்தால் அந்த மரத்தில் பூச்சி கூடுதலாக இருக்கும் என்பது அனுபவசாலிகள் அறிந்த விஷயம்.

அடையாளம் கண்டதில்தான் பாதி வெற்றி

அப்போது இந்தியாவில் இன்னொரு மாவுப்பூச்சிப் பிரச்சினையும் ஓடிக்கொண்டிருந்தது. பருத்தியில் வந்த பீனகாக்கஸ் சொலனாப்சிஸ். அதற்கு ஏனாசியஸ் என்ற குளவி யாரும் கொண்டுவராமலே வந்து சேர்ந்து, பருத்தி வயல்களில் நன்றாகவே வேலை செய்தது. சரி, அதையே பப்பாளிக்கும் விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். விட்டாலும் பயன் இருந்திருக்காது. இந்தக் குளவிகள் ஆளைப் பார்த்து வேலை செய்பவை. ஒரு இனத்துக்குப் பழகியது பக்கத்து இனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் வந்திருப்பது எது என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் கிடைத்த பதில் அத்தனை முக்கியமானது.

அந்தப் பதிலைத் தந்தவர்களில் ஒருவர் பூச்சியியலாளர் ஆர். முனியப்பன். அப்போது அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கான சர்வதேசக் கூட்டுத் திட்டத்தின் இயக்குநர். அதற்கு முன் குவாம் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தவர். குவாமில் 2002-ல் இதே பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது குளவிகளைக் கொண்டுவந்து அடக்கிய குழுவில் அவரும் உண்டு. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் இந்தப் பூச்சி இருப்பதை முதன்முதலில் பதிவு செய்த கட்டுரை அவர் குழுவினுடையதே. கோவையில் இதைப் பார்த்தவருக்கு அதன் மருந்தும் ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.

அந்த மருந்து, அதாவது குளவி, எங்கிருந்தது? 1999-ல் அமெரிக்க வேளாண் துறை ஆட்கள் மெக்சிகோவுக்குப் போய், சொந்த ஊரில் இந்தப் பூச்சியை யார் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று தேடினார்கள். பல ஒட்டுண்ணிக் குளவிகள் கிடைத்தன. போர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிகன் குடியரசிலும் அவற்றை விட்டபோது பூச்சி 97 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. போர்ட்டோ ரிக்கோவில் ஒரு வளர்ப்பு நிலையம் தொடர்ந்து இயங்கியது. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அங்கிருந்து குளவி போகும். குவாமுக்குப் போனது, பலாவுக்குப் போனது. இலங்கைக்கு 2009-ல் போனது.

நமக்கு 2010 ஜூலையில் வந்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தாமதத்துக்கு அனுமதி, தனிமைப்படுத்தல், பரிசோதனை என்று காரணங்கள் உண்டு. வெளிநாட்டு உயிரினத்தை உள்ளே விடும் முன் எச்சரிக்கையாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் பூச்சி யாரிடமும் அனுமதி கேட்டு வரவில்லை என்பதும் உண்மைதானே.

குளவி செய்கிற வேலை

பெங்களூருவில் இருந்த தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகத்துக்கு மூன்று குளவிகள் வந்தன: அசிரோபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. மூன்றும் ஒரே குடும்பம். மூன்றையும் வளர்த்தார்கள், வெளியில் விட்டார்கள். களத்தில் மேலோங்கி நின்றது முதலாவது மட்டும்தான்.

'குளவி' என்றதும் கூரைக்கடியில் கூடு கட்டிக் கொட்டுகிற ஆசாமியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. தோட்டத்தில் விடப்போகிறோம் என்றதும் விவசாயிகளுக்கு முதலில் வருகிற சந்தேகம் இதுதான்: ஆளைக் கொட்டுமா, மாட்டைக் கொட்டுமா? அசிரோபேகஸ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மஞ்சள் நிறத்தில், இலைமேல் ஊர்ந்து போனால் தூசு நகர்ந்த மாதிரி இருக்கும். அதன் கொடுக்கு மாவுப்பூச்சியைத் துளைக்கத்தான் போதும்.

பெண் குளவி மாவுப்பூச்சிக் கூட்டத்தின் மேல் ஏறியதும் உணர்கொம்புகளால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். வயது சரியில்லை, ஏற்கெனவே இன்னொரு குளவி முட்டையிட்டுவிட்டது என்றால் நகர்ந்துவிடும். பிடித்திருந்தால் முட்டையிடும் ஊசியைச் செருகி உடம்புக்குள் ஒரு முட்டை. பொரிந்த புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி முதலில் வழக்கம்போல் உட்கார்ந்திருக்கும். பிறகு அசைவு நின்று, உடம்பு உப்பி, தோல் தடித்து, மெழுகு உதிர்ந்து பழுப்பு மஞ்சளாகிவிடும். இதை 'மம்மி' என்கிறார்கள். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே கசகசா மணிகளைத் தூவியது போலத் தெரிகிறவை இவைதான். சில மணிகளின் பின்முனையில் வட்டமாக, சுத்தமாக வெட்டிய ஒரு துளை இருக்கும். குளவி வெளியேறிய கதவு அது. முட்டையிலிருந்து கதவு திறப்பது வரை இரண்டு முதல் மூன்று வாரம்.

இந்த இரண்டு மூன்று வாரம் என்ற கணக்கில்தான் சூட்சுமம். மாவுப்பூச்சிக்கு ஒரு தலைமுறை முடிவதற்குள் குளவிக்கு அடுத்த தலைமுறை தொடங்கிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. மற்ற இரண்டு குளவிகள் ஓரளவு வளர்ந்த பூச்சியை விரும்புகின்றன. அசிரோபேகஸுக்குப் பிடித்தது இரண்டாம் பருவக் குஞ்சு. அதாவது ஒரு முட்டைகூட இடாத வயதிலேயே மாவுப்பூச்சியின் கதை முடிந்துவிடுகிறது. பொறிவண்டு கண்ணுக்குத் தெரிகிற அளவு தின்னும். குளவி தின்பது குறைவு. ஆனால் இலையில் நான்கே பூச்சி இருந்தாலும் அந்த நான்கைத் தேடிப் போகும். மேலே சொன்ன இரைவிழுங்கியின் குறை இதற்கு இல்லை.

உருளைக்கிழங்கு முளையும் தனிமைக் கூடமும்

பெங்களூருவில் தனிமைக் கூடத்துக்குள் வைத்து முதலில் பார்த்தது இரண்டு விஷயங்களை. வந்த பார்சலில் குளவியைத் தின்கிற இன்னொரு குளவி ஒளிந்து வந்திருக்கிறதா? உண்மையில் அப்படி ஒரு இனம் உண்டு, ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி. அது உள்ளே புகுந்தால் மொத்த முயற்சியும் வீண். அடுத்தது, நமக்கு வேண்டிய பூச்சிகளை இது தொடுமா? இந்தச் சோதனைகளில் தேறிய பிறகுதான் வெளியே விட அனுமதி கிடைத்தது.

குளவியை வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சியை வளர்க்கச் செடி வேண்டும். ஆய்வகத்துக்குள் ஆயிரக்கணக்கில் பப்பாளி மரம் வைக்க முடியாது. இதற்கு உலகம் முழுக்கக் கைகொடுப்பது சாதாரண உருளைக்கிழங்கு. கிழங்கை, முளைப்பைத் தூண்டுகிற ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் நனைத்து, மணல் தட்டில் வைத்து, இருட்டில் முளைக்க விடுகிறார்கள். முளை விரல் நீளம் வந்ததும் அதன்மேல் முட்டைப் பைகளை வைத்தால் குஞ்சுகள் ஏறிக்கொள்ளும். அவை சரியான பருவத்துக்கு வந்ததும் கூண்டுக்குள் குளவிகளை விட்டு, குடிக்கத் தேன் துளிகள் தடவி வைப்பார்கள். சில வாரத்தில் கூண்டுச் சுவரில் புதுக் குளவிகள் வெளிச்சம் இருக்கிற பக்கம் கூடும். உறிஞ்சு குழாயால் பிடித்துக் குப்பியில் அடைப்பார்கள்.

அதிநவீனக் கருவி எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோவையில் பல்கலைக்கழகத்தில் வளர்த்ததோடு நிற்காமல், ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாகக் குப்பிகள் மாவட்டங்களுக்குப் போனதும், பட்டு வளர்ச்சித் துறையினர் மல்பெரித் தோட்டங்களுக்குக் கொண்டுபோனதும் இந்த எளிமையால்தான் முடிந்தது.

தோட்டத்தில்

குளவியை விடுவது ஒரு நிமிட வேலை. காலையிலோ மாலையிலோ, வெயில் இறங்கிய நேரத்தில், பூச்சி இருக்கிற இலைக்கு அடியில் குப்பியைத் திறந்து வைத்தால் போதும். அதற்கு அப்புறம் எதையும் செய்யாமல் இருப்பதுதான் பாடு.

குளவி விட்ட முதல் மூன்று நான்கு வாரம் தோட்டத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். வெள்ளை அப்படியே நிற்கும். செத்த பூச்சியின் பஞ்சும் உடனே உதிராது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்தடித்துப் பச்சை காட்டிக்கொண்டிருப்பார். கடைக்காரர் புதிதாக வந்த ஒன்றைக் கையில் திணிப்பார். பூச்சிக்குப் பூச்சியை விட்டுவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறாயே என்று வீட்டிலும் கேட்பார்கள். அந்த நேரத்தில் ஒருமுறை தெளித்தாலும், மெழுகுக்கடியில் இருக்கிற மாவுப்பூச்சி தப்பிக்கும், வெளியே நடமாடுகிற குளவி சாகும்.

இன்னொரு இடறலும் உண்டு. பாதித்த இலைகளை வெட்டிக் கொளுத்துங்கள் என்பது 2009-ல் சரியான அறிவுரை. குளவி வந்த பிறகு அதே அறிவுரை தவறாகிவிட்டது. மம்மி நிறைந்த இலையைக் கொளுத்தினால் வெளியே வர இருந்த குளவிகள் சாம்பலாகும். அப்படிப்பட்ட இலைகளை வெட்டினாலும் தோட்டத்துக்குள்ளேயே நிழலில் போட்டு வைக்க வேண்டும். ஒரே வாயால் முந்தைய வருடம் 'கொளுத்து' என்றும் இந்த வருடம் 'கொளுத்தாதே' என்றும் சொல்ல வேண்டியிருந்த விரிவாக்க அலுவலர்கள் பாவம்தான்.

பின்பற்றிய இடங்களில் நான்கைந்து மாதத்துக்குள் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. மழையால் குறைந்திருக்கலாமே என்று அப்போதே சிலர் கேட்டார்கள்; நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழையில் மாவுப்பூச்சி அடித்துக்கொண்டு போவது வழக்கம். ஆனால் மழை மட்டும் காரணமென்றால் கோடையில் மறுபடி எழுந்திருக்க வேண்டும், 2009-ல் எழுந்தது போல. 2011-ல் அப்படி எழவில்லை. சேகரித்த பூச்சிகளில் மம்மிகள் கண்ணெதிரே இருந்தன. விடாத தோட்டங்களிலும் குளவி தானே போய்ச் சேர்ந்தது. கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று பூச்சி போன வழியெல்லாம் குளவியும் கொண்டுசெல்லப்பட்டது.

பூச்சி அழியவில்லை; அழியவும் கூடாது. பூச்சி ஒன்றுமே இல்லையென்றால் குளவிக்குப் பிழைப்பு இல்லை. இன்றும் வேலிச் செடியில், ஒரு மரத்தின் கீழ் இலையில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பூச்சி ஏறினால் குளவி ஏறும், இறங்கினால் இறங்கும்.

பணக் கணக்கு

2014-ல் வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்களும் கோவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பொருளாதார மதிப்பீட்டை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் மட்டும் கிடைத்த நன்மை 12.1 கோடி டாலரிலிருந்து 30.9 கோடி டாலர் வரை; ஐந்து ஆண்டுகளுக்கு 52.4 கோடி முதல் 134 கோடி டாலர் வரை. கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையே இருக்கிற தூரத்தைப் பாருங்கள். குளவி இல்லாமலிருந்தால் பூச்சி இன்னும் எத்தனை ஏக்கருக்குப் பரவியிருக்கும், விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்று நடக்காத ஒன்றை ஊகித்துப் போடுகிற கணக்கு இது. அகலமாக இருப்பதுதான் நேர்மை. கீழ்வரம்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் செலவுக்குப் பல மடங்கு.

ஆனால் இதில் யாருக்கும் விற்க ஒன்றுமில்லை. ஒருமுறை விட்டால் தானே பெருகுகிற சரக்கு. அடுத்த பருவத்துக்கு மறுபடி வாங்கத் தேவையில்லை. அதனால்தான் மருந்துக்கடைச் சுவரில் இதற்கு விளம்பரம் கிடையாது, ஊக்கத்தொகை பெறும் முகவரும் கிடையாது. அரசு நிறுவனங்கள் செய்தால்தான் உண்டு. கடையில் கேட்டுப் பழகிய விவசாயிக்கு இந்த வழி தெரியாமலே போவதில் ஆச்சரியமில்லை.

இதே வழி, வேறு பூச்சி

2020 ஏப்ரலில் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது. சேலம், நாமக்கல், தர்மபுரிக் குச்சிக்கிழங்கு விவசாயிகளில் பலர், பப்பாளிப் பூச்சி திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்திருக்கக்கூடும். வந்தது வேறு: பீனகாக்கஸ் மணிஹோட்டி. 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை நம்பியிருந்த மக்களைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது இதுதான். அங்கே பராகுவேயிலிருந்து கொண்டுபோன அனகைரஸ் லோபெசி என்ற குளவி அதை அடக்கியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்து 2009-லேயே அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வாங்கிக்கொண்டது.

நாமும் அதே பெனினிலிருந்துதான் வாங்கினோம். பெங்களூருவில் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். பூச்சி பதிவானதிலிருந்து குளவி விடுகிற வரை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. 2008-லும் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆனது. இடையில் ஒரு கொள்ளைநோய்க் காலம் வந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், எந்தக் குளவி வேண்டும், எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பூச்சிக்கு இது நீண்ட காலம். அண்டை நாட்டில் ஒரு பூச்சி வந்தவுடனே அதன் குளவிக்கான அனுமதிக் கோப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. பூச்சி வந்த பிறகு கோப்பு திறந்தால் இரண்டு பருவம் போய்விடும்.

இப்போது மரவள்ளி வைத்திருப்பவர் தோட்டத்தில் வெள்ளை தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, கூட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து மாவைத் துடைத்துப் பார்ப்பது. உடம்பு மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சி. பக்கத்தில் மம்மி இருக்கிறதா என்று லென்ஸில் தேடுங்கள், இருந்தால் மருந்தடிக்காமல் விடுங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு அசிரோபேகஸ் உதவாது, லோபெசிதான் வேண்டும். நுனியோடு சேர்த்து ஒரு துண்டைக் காகிதப் பையில் போட்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஏத்தாப்பூரிலோ காட்டி உறுதி செய்துகொண்டு, குளவிக்குச் சொல்லி வையுங்கள். நடவுக்குக் கரணை வாங்குவதாக இருந்தால், பூச்சி இருக்கிற தோட்டத்துக் குச்சியை எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.